பிரைவேட் கிளவுட் கட்டணுமா? சாப்ட்வேரை அப்புறம் பாருங்க, முதல்ல டேட்டாவைப் பாருங்க

பிரைவேட் கிளவுட் கட்டப் போறோம்னு கெளம்புற முக்கால்வாசிப் பேர் முதல்ல கேட்கிறது "ஓபன்ஸ்டாக் நல்லதா, ப்ராக்ஸ்மாக்ஸ் நல்லதா"ன்னுதான், ரெண்டும் இதுக்கான ஓபன் சோர்ஸ் சாப்ட்வேர். என்னைக் கேட்டா அந்தக் கேள்விக்கு மூணாவது இடம்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு இருக்கு. டேட்டா எங்க உக்காரப் போகுது, அப்புறம் ஒரு சர்வர் பதில் சொல்லலன்னா அது செத்துப் போச்சா இல்ல நெட்வொர்க் மட்டும் அறுந்து போச்சான்னு யார் முடிவு பண்ணப் போறாங்க. இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாம கட்டின கிளவுட் டெமோ அன்னைக்கு அழகா ஓடும், முதல் டிஸ்க் சாகுற அன்னைக்கு தெரிஞ்சுடும்.

முதல்ல எதை கிளவுட்னு சொல்றோம்ங்கிறதை சரி பண்ணிக்குவோம், ஏன்னா இதுல நெறைய குழப்பம் இருக்கு. ஒரு ஆபீஸ்ல 20 சர்வர் இருக்கு, எல்லாத்துலயும் விஎம் (சர்வருக்குள்ள தனி மெஷின் மாதிரி ஓடுற வெர்ச்சுவல் மெஷின்) ஓடுது, "எங்ககிட்ட பிரைவேட் கிளவுட் இருக்கு"ன்னு சொல்றாங்க. ஆனா ஒரு டெவலப்பருக்கு புது மெஷின் வேணும்னா என்ன நடக்குது? டிக்கெட் போடுறார், மேனேஜர் அப்ரூவ் பண்றார், அட்மின் ரெண்டு நாள் கழிச்சு டெம்ப்ளேட்ல இருந்து ஒரு காப்பி எடுக்கிறார், எக்செல் ஷீட்ல காலியா இருக்கிற ஐபியைப் பார்த்துக் குடுக்கிறார், பாஸ்வேர்டை மெயில்ல அனுப்புறார். இது வெர்ச்சுவலைசேஷன், கிளவுட் இல்ல. அமெரிக்க அரசோட நிஸ்ட் அமைப்பு 2011 செப்டம்பர்ல கிளவுட்னா என்னன்னு ஒரு சின்ன ஆவணம் போட்டுச்சு, அதுல சொன்ன 5 குணத்துல முதலாவது, வேணுங்கிறவர் இன்னொரு மனுஷனைக் கேட்காம தானே எடுத்துக்கணும்ங்கிறதுதான். மத்த நாலு, நெட்வொர்க் வழியா எங்கிருந்தும் எட்டணும், வளங்கள் எல்லாம் ஒரே குளமா இருக்கணும், சட்டுன்னு கூட்டிக் குறைக்க முடியணும், யார் எவ்ளோ எடுத்தாங்கன்னு அளந்து காட்டணும். பிரைவேட்னா அது ஒரே நிறுவனத்துக்கு மட்டும்னு அர்த்தம், சர்வர் சொந்தக் கட்டடத்துல இருக்கணும்னு அந்த வரையறைல எங்கயும் இல்ல, வெளியில வாடகை ரேக்ல இருந்தாலும் பிரைவேட்தான்.

"தானே எடுத்துக்கணும்"ங்கிற அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எவ்ளோ வேலை ஒளிஞ்சிருக்குன்னு ஓபன்ஸ்டாக்ல லாஞ்ச் பட்டனை அமுக்கினா என்ன நடக்குதுன்னு பார்த்தா புரிஞ்சுடும். முதல்ல நீங்க யாருன்னு கீஸ்டோன்ங்கிற சர்வீஸ் பார்த்து ஒரு டோக்கன் குடுக்குது, அந்த டோக்கனோட விஎம்மைப் பார்த்துக்கிற நோவாவோட ஏபிஐகிட்ட (ப்ரோக்ராம்கள் பேசிக்கிற வாசல்) போறீங்க, உங்க ப்ராஜெக்ட்டுக்கு கோட்டா மிச்சம் இருக்கான்னு பார்க்குது, ப்ளேஸ்மென்ட்ங்கிற சர்வீஸ் எந்தெந்த சர்வர்ல இவ்ளோ மெமரியும் சிபியுவும் காலியா இருக்குன்னு ஒரு பட்டியல் தருது, ஷெட்யூலர் அந்தப் பட்டியல்ல தகுதி இல்லாததை வடிகட்டிட்டு மிச்சத்துக்கு மார்க் போட்டு ஒண்ணைத் தேர்ந்தெடுக்குது, ராபிட்எம்க்யூங்கிற மெசேஜ் க்யூ வழியா அந்த சர்வருக்குத் தகவல் போகுது, நியூட்ரான் ஒரு போர்ட்டும் மேக் அட்ரஸும் ஐபியும் ஒதுக்குது, கிளான்ஸ்ல இருந்து இமேஜ் வருது, சின்டர் டிஸ்க் குடுக்குது, கடைசியா லிப்வர்ட்ங்கிற கருவி, விஎம்மை ஓட்டுற க்யூஇஎம்யூவைக் கெளப்பி விடுது. விஎம் பூட் ஆனதும் உள்ள இருக்கிற கிளவுட்-இனிட் 169.254.169.254ங்கிற அட்ரஸ்கிட்ட போய் "என் பேர் என்ன, யாரோட எஸ்எஸ்ஹெச் கீயை உள்ள வைக்கணும்"னு கேட்டு வாங்கி வெச்சுக்குது. எல்லாம் சரியா இருந்தா இதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. மேல சொன்ன ஒவ்வொரு படியும் முன்னாடி ஒரு அட்மின் தன் தலைக்குள்ள வெச்சிருந்த முடிவு. எந்த சர்வர்ல போடலாம், எந்த ஐபி காலி, இவருக்குக் குடுக்கலாமா வேணாமா. அந்த முடிவுகளை எல்லாம் கோடா எழுதி வெச்சதுதான் கிளவுட், எனக்குத் தெரிஞ்சு இதைவிட நேரா அதை விளக்க முடியாது.

இப்போ அடியில இருக்கிற இஞ்சினுக்கு வருவோம், இதை சீக்கிரமா சொல்லிட்டுப் போயிடலாம், ஏன்னா இது ஏற்கனவே தீர்ந்து போன பிரச்சினை. இன்டெல் 2005லயும் ஏஎம்டி 2006லயும் சிபியுக்குள்ளயே வெர்ச்சுவலைசேஷனுக்கு வசதி வெச்சாங்க. அதைப் பிடிச்சு க்யூம்ராநெட்ங்கிற சின்ன கம்பெனில அவி கிவிட்டி எழுதினது கேவிஎம், 2007 பிப்ரவரில வந்த லினக்ஸ் 2.6.20 கெர்னல்ல அது சேர்ந்துச்சு, அடுத்த வருஷமே ரெட்ஹாட் அந்தக் கம்பெனியை வாங்கிடுச்சு. கேவிஎம்மோட அழகு என்னன்னா விஎம்ங்கிறது சாதாரண லினக்ஸ் ப்ராசஸ்தான். பிஎஸ் கமாண்ட் அடிச்சா லிஸ்ட்ல தெரியும், கில் பண்ணினா செத்துடும், மெமரியையும் சிபியு நேரத்தையும் பங்கு போடுறதுக்கு லினக்ஸ் ஏற்கனவே என்ன செஞ்சுதோ அதையே இதுக்கும் செய்யுது. இன்னைக்கு ஓபன்ஸ்டாக், கிளவுட்ஸ்டாக், ஓபன்நெபுலா, ப்ராக்ஸ்மாக்ஸ் எதை எடுத்தாலும் பெரும்பாலான இடத்துல அடியில ஓடுறது கேவிஎம்தான். அதனால "எதுல விஎம் வேகமா ஓடும்"னு ஒப்பிடுறதுல பெருசா அர்த்தம் இல்ல, எல்லாம் ஒரே இஞ்சின்.

மேல் அடுக்குல இருக்கிற சாப்ட்வேர் எப்படி வந்துச்சுங்கிற கதை கொஞ்சம் தெரிஞ்சிருந்தா எது ஏன் இப்படி இருக்குன்னு விளங்கும். அமேசான் 2006ல எஸ்3ங்கிற ஸ்டோரேஜ் சேவையும் இசி2ங்கிற வாடகை விஎம் சேவையும் விட்டதும், அதே மாதிரி ஒண்ணை சொந்த சர்வர்ல ஓட்ட முடியாதான்னு பல்கலைக்கழகங்கள்தான் முதல்ல இறங்குச்சு. கலிபோர்னியால சான்டா பார்பரா பல்கலைக்கழகத்துல ரிச் வோல்ஸ்கி குழு யூகலிப்டஸை எழுதினாங்க, மாட்ரிட் கம்ப்ளூடென்சே பல்கலைக்கழகத்துல ஓபன்நெபுலா, ரெண்டும் 2008ல வெளிய வந்துச்சு. நாசாவோட ஏம்ஸ் மையம் நெபுலான்னு ஒரு கிளவுட் கட்டும்போது முதல்ல யூகலிப்டஸைத்தான் எடுத்துச்சு. ஆனா யூகலிப்டஸ் ஓப்பன் கோர் வகை, அடிப்படை திறந்திருக்கும், சில வசதிகள் காசு குடுத்தா மட்டும். அவங்களுக்கு வேண்டிய அளவுக்கு அது பெருசா வளரவும் இல்ல, அதனால தாங்களே எழுத ஆரம்பிச்சாங்க, அதுதான் நோவா. அதே நேரத்துல ராக்ஸ்பேஸ் தன்னோட ஸ்டோரேஜ் கோடை ஸ்விஃப்ட்னு திறந்து விட, ரெண்டும் சேர்ந்து 2010 ஜூலைல ஓபன்ஸ்டாக் பிறந்துச்சு. கிளவுட்ஸ்டாக் வேற வழில வந்தது, கிளவுட் டாட் காம்ங்கிற கம்பெனியை 2011ல சிட்ரிக்ஸ் வாங்கி, 2012ல அந்தக் கோடை அப்பாச்சி அறக்கட்டளைகிட்ட குடுத்துடுச்சு. ப்ராக்ஸ்மாக்ஸ் வியன்னால இருக்கிற கம்பெனியோட படைப்பு, 2008லயே முதல் வெளியீடு.

இந்தப் பிறப்பு வித்தியாசம் இன்னைக்கும் தெரியுது. ஓபன்ஸ்டாக் பல கம்பெனிங்க சேர்ந்து எழுதினதால தனித்தனி சர்வீஸ்களா சிதறி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனி ஏபிஐ, தனி டேட்டாபேஸ், நடுவுல மெசேஜ் க்யூ. ஐரோப்பாவோட செர்ன் ஆராய்ச்சி மையம் 2013ல இருந்து இதை வெச்சு லட்சக்கணக்கான கோர்களை ஓட்டுது, அந்த அளவுக்கு வளர இந்த சிதறல்தான் உதவுச்சு. ஆனா 5 சர்வர் வெச்சிருக்கிறவங்களுக்கு அதே சிதறல் சுமை, ராபிட்எம்க்யூ கொஞ்சம் தடுமாறினாலும் எல்லா சர்வீஸும் ஒண்ணு மேல ஒண்ணு புகார் சொல்லும், நிஜமான காரணத்தைத் தேடிப் பிடிக்கவே ஒரு நாள் போயிடும். கிளவுட்ஸ்டாக்ல ஒரு மேனேஜ்மென்ட் சர்வர், ஒரு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், அவ்ளோதான். ஓபன்நெபுலாவும் கிட்டத்தட்ட அந்த மாதிரி எளிமை. என்னோட கருத்து இதுதான்: 10 சர்வருக்குக் கீழ, ஒண்ணு ரெண்டு பேர் பார்த்துக்கிற இடம்னா ப்ராக்ஸ்மாக்ஸ் போதும், கண்டிப்பா பார்த்தா அது முழு கிளவுட் இல்ல, ஆனா ஏபிஐ இருக்கு, விஎம்களைப் பூல்ங்கிற குழுக்களாப் பிரிச்சு உரிமை குடுக்கலாம். பல டீம்கள் தானே எடுத்துக்கணும், கோட்டா வேணும், ஆனா தனி கிளவுட் டீம் இல்லன்னா கிளவுட்ஸ்டாக் இல்ல ஓபன்நெபுலா. இதையே முழுநேர வேலையா பார்க்க நாலஞ்சு பேர் இருந்தா ஓபன்ஸ்டாக். சர்வர் எண்ணிக்கையைவிட ஆள் எண்ணிக்கைதான் இதுல முடிவு பண்ணும்.

சரி, இப்போ விஷயத்துக்கு வர்றேன். விஎம்மை ஓட்டுறது சுலபம், அது செத்தா இன்னொரு சர்வர்ல கெளப்பிடலாம், அதுல இழக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. டேட்டா அப்படி இல்ல. ஒரு விஎம் எந்த சர்வர்ல வேணாலும் எழும்பணும்னா அதோட டிஸ்க் எல்லா சர்வருக்கும் தெரியணும், அதாவது பகிர்ந்த ஸ்டோரேஜ் வேணும், ஓபன் சோர்ஸ் உலகத்துல அதுக்குப் பெரும்பாலும் செப்தான் பதில். சான்டா க்ரூஸ் பல்கலைக்கழகத்துல சேஜ் வைல் தன்னோட முனைவர் பட்டத்துக்காக செஞ்சது அது. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை க்ரஷ். டேட்டாவோட எந்தத் துண்டு எந்த டிஸ்க்ல இருக்குன்னு நடுவுல ஒரு பெரிய அட்டவணை வெச்சா அந்த அட்டவணையே நெரிசலாயிடும், அது போச்சுன்னா எல்லாம் போச்சு. செப்ல அந்த அட்டவணையே கெடையாது. கிளஸ்டரோட வரைபடம் ஒண்ணு எல்லார்கிட்டயும் இருக்கு, துண்டோட பேரை வெச்சு கணக்குப் போட்டா அது எந்த டிஸ்க்ல இருக்கணும்னு யார் வேணாலும் கண்டுபிடிச்சுடலாம், யாரையும் கேட்க வேணாம். விஎம் டிஸ்க்கை 4 எம்பி துண்டுகளா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 3 காப்பி, மூணும் வேற வேற சர்வர்ல. ஒரு சர்வர் செத்தா மிச்சம் இருக்கிற சர்வர்கள் ஆளுக்குக் கொஞ்சமா தொலைஞ்ச காப்பிகளைத் திரும்ப உண்டாக்கிக்கும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இங்கதான் கணக்குல தப்பு பண்றாங்க. 3 சர்வர்ல ஆளுக்கு 10 டெராபைட், மொத்தம் 30, மூணு காப்பி போக 10. அந்தப் பத்தையும் நிரப்ப முடியாது. செப் இயல்பா ஒரு டிஸ்க் 85 சதவீதம் போனா எச்சரிக்கும், 90ல அந்த டிஸ்க்குக்கு மீட்புக் காப்பி அனுப்புறதை நிறுத்தும், 95ல எழுதுறதையே நிறுத்திடும். இது சராசரி இல்ல, ஏதாவது ஒரே ஒரு டிஸ்க் 95ஐத் தொட்டாலும் அந்த டிஸ்க்கைப் பயன்படுத்துற பூல் (செப்ல டேட்டாவைப் பிரிச்சு வெக்கிற பகுதி) முழுக்க எழுத்து நின்னுடும். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல 4 சர்வர், 72 சதவீதம் நிரம்பி இருந்துச்சு, இன்னும் கால்வாசிக்கு மேல காலியா இருக்கேன்னு எல்லாரும் நிம்மதியா இருந்தோம். ஒரு ராத்திரி ஒரு சர்வர் போச்சு. 10 நிமிஷம் பொறுத்துட்டு செப் தானா மீட்பைத் தொடங்குச்சு, அது செய்ய வேண்டியதைத்தான் செஞ்சுது. ஆனா 72ஐ நாலால பெருக்கி மூணால வகுத்தா 96. விடியறதுக்குள்ள பல டிஸ்க் 90ஐத் தொட்டு மீட்பு பாதில நின்னுச்சு, விஎம்ங்க மட்டும் தன்பாட்டுக்கு லாக் எழுதிக்கிட்டே இருந்துச்சு, ஒரு டிஸ்க் 95ஐத் தொட்டதும் எல்லா விஎம்மும் அப்படியே உறைஞ்சுடுச்சு. டாஷ்போர்டுல எல்லாம் ரன்னிங்னு பச்சையா காட்டுது, உள்ள ஒண்ணும் அசையல. அன்னைக்கு அந்தப் பெருக்கல் வகுத்தலை யாராவது முன்னாடியே போட்டிருந்தா போதும். அதனால 4 சர்வர்னா ஒரு சர்வரோட இடத்தை எப்பவும் காலியா வெச்சுட்டு மிச்சத்துல 85க்குள்ள நில்லுங்க, அதாவது மொத்தத்துல 60ஐத் தாண்டும்போதே அடுத்த சர்வருக்கு ஆர்டர் போயிருக்கணும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன்னு காப்பியை ரெண்டா குறைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன், ஒரு காப்பி போய் மீட்பு நடந்துக்கிட்டு இருக்கும்போது மிச்சம் இருக்கிற ஒரே காப்பில படிக்க முடியாத ஒரு செக்டர் வந்தா அந்தத் துண்டு போனது போனதுதான், அதைச் செய்யாதீங்க.

எஸ்எஸ்டி விஷயத்துலயும் இதே மாதிரி. லேப்டாப்ல போடுற சாதாரண எஸ்எஸ்டியை வாங்கிப் போட்டுட்டு "செப் ஸ்லோவா இருக்கு"ன்னு புலம்புறவங்க நெறைய. செப் ஒவ்வொரு எழுத்தையும் "நிஜமாவே டிஸ்க்ல பதிஞ்சுடுச்சா"ன்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் பதில் சொல்லும். சர்வர் வகை எஸ்எஸ்டில கரண்ட் போனா கையில இருக்கிறதை எழுதி முடிக்கிற அளவுக்குக் கபாசிட்டர் இருக்கும், அதனால அது தைரியமா உடனே சரின்னு சொல்லும். சாதாரண எஸ்எஸ்டி அப்படி சொல்ல முடியாம ஒவ்வொரு தடவையும் சிப் வரைக்கும் எழுதிட்டு வரும், பெட்டில போட்டிருக்கிற ஆயிரக்கணக்கான ஐஓபிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை எழுதப் படிக்க முடியும்ங்கிறது) சில நூறா இறங்கிடும். அதோட ஒரு எழுத்து மூணு சர்வரும் சரின்னு சொன்ன பிறகுதான் முடியும், நடுவுல நெட்வொர்க் இருக்கு, அதனால எவ்ளோ நல்ல டிஸ்க் போட்டாலும் அதே சர்வர்ல நேரா மாட்டின என்விஎம்இ எஸ்எஸ்டி அளவுக்கு வேகம் வராது. தானே காப்பி எடுத்துக்கத் தெரிஞ்ச டேட்டாபேஸ்களை லோக்கல் டிஸ்க்ல ஓட்டுறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன், இல்லன்னா டேட்டாபேஸ் மூணு காப்பி வெக்க, ஒவ்வொரு காப்பிக்கும் செப் மூணு வெக்க, ஒரே டேட்டா 9 எடத்துல உக்காந்திருக்கும்.

ரெண்டாவது கேள்வி, செத்துச்சா அறுந்துச்சா. ஹை அவைலபிலிட்டி (ஹெச்ஏ)ன்னு டிக் போட்டா ஒரு சர்வர் போனதும் அதோட விஎம்ங்க இன்னொண்ணுல எழும்பும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா பதில் வரலங்கிறதும் செத்துப் போச்சுங்கிறதும் ஒண்ணு இல்ல. ஒரு சுவிட்ச் போர்ட் கெட்டுப்போய் மேனேஜ்மென்ட் நெட்வொர்க் மட்டும் அறுந்திருக்கலாம், அந்த சர்வர்ல விஎம் இன்னும் ஓடிக்கிட்டு, ஸ்டோரேஜ் நெட்வொர்க் வழியா டிஸ்க்ல எழுதிக்கிட்டும் இருக்கலாம். அந்த நேரத்துல அவசரப்பட்டு அதே விஎம்மை இன்னொரு சர்வர்ல கெளப்பினா ஒரே டிஸ்க்ல ரெண்டு பேர் எழுதுவாங்க. எக்ஸ்ட்4 மாதிரி சாதாரண பைல்சிஸ்டம் ரெண்டு பேர் எழுதுறதுக்குச் செஞ்சதே இல்ல, சில நிமிஷத்துல சிதைஞ்சுடும். விஎம் நின்னு போறதைவிட இது பல மடங்கு மோசம், நின்னு போனதைத் திரும்ப ஓட்டலாம், சிதைஞ்சதை ஓட்ட முடியாது.

இதுக்கு ரெண்டு பாதுகாப்பு. ஒண்ணு கோரம், பாதிக்கு மேல ஓட்டு இருக்கிற பக்கம் மட்டும்தான் முடிவெடுக்கலாம். அதனாலதான் ஒற்றைப்படை எண்ணிக்கை. 3 பேர் இருந்தா ஒருத்தர் போனாலும் தாங்கும், 4 பேர் இருந்தாலும் ஒருத்தர் போறதை மட்டும்தான் தாங்கும், 5 இருந்தா ரெண்டு பேர். ரெண்டே சர்வர் வெச்சுக்கிட்டு ஹெச்ஏ வேணும்னு கேட்டா, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியலன்னதும் ரெண்டு பேருமே "நான்தான் மிச்சம்"னு நினைச்சுக்கலாம், மூணாவதா ஓட்டுப் போட மட்டுமாவது ஒரு சின்ன மெஷின் எங்கயாவது வேணும். இன்னொண்ணு ஃபென்சிங், அதாவது சந்தேகம் வந்தா அந்த சர்வரை நிஜமாவே நிறுத்திட்டு அப்புறம்தான் விஎம்மை வேற எடத்துல கெளப்புறது. சர்வரைத் தூரத்துல இருந்தே கட்டுப்படுத்துற ஐபிஎம்ஐ வழியா பவரை ஆஃப் பண்ணலாம். ப்ராக்ஸ்மாக்ஸ்ல வேற மாதிரி, ஹெச்ஏ விஎம் ஓடுற சர்வர் கோரத்தை இழந்தா வாட்ச்டாக்ங்கிற காவல் டைமர் ஒரு நிமிஷத்துல அதைத் தானே ரீபூட் பண்ணிடும், மத்தவங்க அதுக்காகக் காத்திருந்துட்டுத்தான் எடுத்துக்குவாங்க. ஓபன்ஸ்டாக்ல சும்மா நிறுவினா இது தானா வராது, மசாகரின்னு தனி சர்வீஸ் போட்டு அமைக்கணும், இது தெரியாம "கிளவுட்தானே, தானா எழும்பிடும்"னு நம்பி உக்காந்திருக்கிறவங்க நெறைய பேர்.

நெட்வொர்க்ல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்றேன், ஏன்னா புதுசா கட்டுற எல்லாரும் இதுல ஒரு வாரம் தொலைக்கிறாங்க. ஒரே சுவிட்ச்ல பல தனி நெட்வொர்க்கைப் பிரிக்கிற விஎல்ஏஎன் எண்ணுக்கு 12 பிட்தான், அதனால 4094 நெட்வொர்க்குக்கு மேல முடியாது, ஒவ்வொரு தடவையும் சுவிட்ச்லயும் போய் அமைக்கணும். விஎக்ஸ்லேன்ல 24 பிட், 1.6 கோடிக்கும் மேல, சுவிட்சைத் தொடாமலே சாப்ட்வேர்ல உண்டாக்கிக்கலாம். எப்படின்னா விஎம்மோட பாக்கெட்டை அப்படியே இன்னொரு பாக்கெட்டுக்குள்ள வெச்சு அனுப்புது. அந்த வெளி உறைக்கு 50 பைட் ஆகும். அடியில நெட்வொர்க் 1500 பைட் எம்டியூல (ஒரு பாக்கெட் அதிகபட்சம் எவ்ளோ பெருசா இருக்கலாம்ங்கிற அளவு) இருந்தா உள்ள விஎம்முக்கு 1450தான் மிச்சம். விஎம் அது தெரியாம 1500 அனுப்பினா என்ன ஆகும்னா, பிங் போகும், எஸ்எஸ்ஹெச் லாகின் கூட சில சமயம் ஆகும், சின்ன பாக்கெட் எல்லாம் தாராளமா போகும், ஒரு பெரிய பைலைக் காட்டச் சொன்ன உடனே அப்படியே தொங்கிடும். ஃபயர்வாலைத் தேடுவீங்க, டிஎன்எஸ்ஸைத் தேடுவீங்க, ரூட்டிங்கைத் தேடுவீங்க. பிங் போகுது, பெரிசு மட்டும் போகலன்னா முதல்ல எம்டியூவைப் பாருங்க. அடி நெட்வொர்க்கை முதல் நாளே 9000க்கு வெச்சுட்டா இந்தத் தலைவலியே இல்ல, ஆனா நடுவுல ஒரு சுவிட்ச் விட்டுப் போனாலும் பழைய கதைதான்.

மெமரி, சிபியு பங்கீடு பத்தி ஒரு வார்த்தை. நோவால ரொம்ப காலம் இயல்பா இருந்த அமைப்பு ஒரு நிஜ கோருக்கு 16 வெர்ச்சுவல் கோர், மெமரிக்கு ஒன்றரை மடங்கு. சிபியுவை இப்படிப் பகிர்ந்தா மோசமாப் போனா மெதுவா ஓடும், அவ்ளோதான். மெமரில அப்படி இல்ல, எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா லினக்ஸ் கெர்னல் யாரையாவது கொல்லும், அங்க பெருசா மெமரி வெச்சிருக்கிற ப்ராசஸ் எதுன்னா ஒரு விஎம். உள்ள இருக்கிறவருக்கு காரணமே தெரியாது, மெஷின் சட்டுன்னு காணாமப் போயிருக்கும். மெமரியை ஒண்ணுக்கு ஒண்ணு வெச்சுக்கோங்க, ஹோஸ்ட்டுக்கும் செப்புக்கும் தனியா எடுத்து வெச்சுட்டு.

லைசென்ஸ் பத்தியும் பேசணும், ஏன்னா இப்போ நெறைய பேர் இந்தப் பக்கம் வர்றதுக்கே அதுதான் காரணம். 2023 நவம்பர்ல பிராட்காம், வெர்ச்சுவலைசேஷன் சாப்ட்வேர் விக்கிற விஎம்வேரை வாங்கி முடிச்சதும், அடுத்த மாசமே ஒருமுறை வாங்கி வெச்சுக்கிற லைசென்ஸ் விற்பனையை நிறுத்திட்டு சந்தாவுக்கு மாறினாங்க. பில்லைப் பார்த்துட்டு ஓபன் சோர்ஸுக்கு ஓடி வந்தவங்க பல பேர். ஆனா திறந்த கோடுங்கிறது மட்டுமே காப்பாத்திடும்னு நினைக்கக் கூடாது. கிளவுட் அமைப்பைக் கோடா எழுத உதவுற டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்ட்ல ஓபன் சோர்ஸ் அல்லாத லைசென்ஸுக்கு மாறுச்சு, ஓபன்டோஃபூன்னு பிரிச்சு எடுக்க வேண்டி வந்துச்சு. சென்ட்ஓஎஸ் 8ங்கிற லினக்ஸுக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும்னு நம்பி போட்டவங்களுக்கு 2021 கடைசியோட முடிஞ்சு போச்சு. அதனால ஒரு ப்ராஜெக்ட்டை எடுக்கும்போது கோடு திறந்திருக்கான்னு மட்டும் பார்க்காம அதோட உரிமை ஒரே கம்பெனி கையில இருக்கா, இல்ல அப்பாச்சி மாதிரி, ஓபன்இன்ஃப்ரா மாதிரி ஒரு அறக்கட்டளைல இருக்கா, பல கம்பெனி ஆட்கள் எழுதுறாங்களான்னு பாருங்க. ஒரே கம்பெனி வெச்சிருக்கிறது தப்புன்னு சொல்லல, ப்ராக்ஸ்மாக்ஸ் அப்படித்தான், ஏஜிபிஎல்ங்கிற ஓபன் சோர்ஸ் லைசென்ஸ்ல நல்லாவே நடத்துறாங்க, ஆனா அந்த வித்தியாசம் தெரிஞ்சுதான் முடிவெடுக்கணும்.

லைசென்ஸ்ல மிச்சமாகிற காசு அப்படியே மிச்சம் இல்லங்கிறதையும் மறைக்காம சொல்லிடணும், அதுல பெரும்பகுதி ஆளுக்குப் போகும், போகணும். ஓபன்ஸ்டாக் 6 மாசத்துக்கு ஒரு வெளியீடு விடுது. முன்னாடி ஒண்ணை விடாம வரிசையா ஏறி வரணும், அதுல சலிச்சுப் போய் நாலஞ்சு வெளியீடு பின்தங்கி, அப்புறம் தொடவே பயந்து அப்படியே விட்டுட்ட கிளவுட்கள் நெறைய. 2023ல வந்த ஆன்டிலோப் வெளியீட்டுல இருந்து ஒண்ணு விட்டு ஒண்ணு தாண்டலாம், வருஷத்துக்கு ஒரு தடவை அப்கிரேட் பண்ணினா போதும், இது பெரிய நிம்மதி. இன்னொரு பக்கம், சொந்த கிளவுட் ரப்பர் மாதிரி நீளாது. அடுத்த வாரம் ரெண்டு மடங்கு வேணும்னா பப்ளிக் கிளவுட்ல கெடைக்கும், இங்க சர்வர் வந்து சேரவே வாரக்கணக்காகும். லோடு வருஷம் முழுக்க ஓரளவு சமமா இருக்கிறவங்களுக்கும், டேட்டா வெளிய போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு உள்ளவங்களுக்கும்தான் இது நல்லாப் பொருந்தும். வருஷத்துல 10 நாள் மட்டும் கூட்டம் வர்ற சேவைக்கு இதைக் கட்டினா மிச்ச நாள் எல்லாம் சும்மா சூடாகிக்கிட்டு இருக்கும். அதே காரணத்துக்காகத்தான் கோட்டாவையும், யாரும் தொடாத விஎம்மைத் தேடித் திரும்ப வாங்குற பழக்கத்தையும் முதல் மாசத்துலயே கொண்டு வரணும், தானே எடுத்துக்கலாம்னு சொன்னதும் எல்லாரும் எடுப்பாங்க, திருப்பிக் குடுக்க யாருக்கும் ஞாபகம் வராது.

கட்டும்போது எளிதாத் தவறுற ஒண்ணு, கிளவுட் எழும்புறதுக்கு வேண்டியதையே கிளவுட்டுக்குள்ள வெச்சிடுறது. டிஎன்எஸ் உள்ள ஒரு விஎம்ல, நேரம் சொல்ற என்டிபி உள்ள, சர்வர்களை அமைக்கிற அன்சிபிள் கோடு வெச்சிருக்கிற கிட் சர்வரும் உள்ள. எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் ஒரு குறையும் தெரியாது. ஒருநாள் மொத்தமா கரண்ட் போய் வந்தா, செப்புக்கு நேரம் சரியா வேணும், கிளஸ்டரைக் கண்காணிக்கிற செப் மானிட்டர்களுக்கு நடுவுல 0.05 செகண்டுக்கு மேல வித்தியாசம் இருந்தாலே எச்சரிக்கும், நேரம் சொல்ற விஎம் எழும்ப செப் வேணும். அந்த மூணையும் வெளிய ரெண்டு சின்ன மெஷின்ல வெச்சுடுங்க. பேக்கப்பும் அப்படித்தான், வேற ஸ்டோரேஜ்ல, வேற லாகின்ல. மூணு காப்பி இருக்கேன்னு நினைக்காதீங்க, தப்பா ஒரு டிலீட் அடிச்சா மூணு காப்பியும் ஒண்ணா அழியும். விஎம் டிஸ்க்கோட சேர்த்து கிளவுட்டோட சொந்த டேட்டாபேஸையும் எடுத்து வைங்க, எந்த டிஸ்க் யாரோடதுன்னு அதுலதான் இருக்கு, அது இல்லன்னா செப்ல இருக்கிறது வெறும் எண்ணுங்களோட குவியல்.

முதல் நிஜ விஎம்மை உள்ள விடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்கி, பத்து டெஸ்ட் விஎம்மை விடாம டிஸ்க்ல எழுத விட்டுட்டு, ஏதாவது ஒரு சர்வரோட பவர் கேபிளைக் கையால புடுங்குங்க. ஷட்டவுன் கமாண்ட் குடுத்தா அது எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போற சாவு, அதுல ஒண்ணும் தெரியாது, கேபிளைத்தான் புடுங்கணும். எத்தனை செகண்ட் எழுத்து நின்னுச்சு, விஎம்ங்க தானா வேற சர்வர்ல எழும்புச்சா, 10 நிமிஷம் கழிச்சு மீட்பு தொடங்கினதும் மத்த விஎம்ங்க எவ்ளோ மெதுவாச்சு, எந்த டிஸ்க் எத்தனை சதவீதத்துல போய் நின்னுச்சுன்னு எழுதி வைங்க. அப்புறம் கேபிளை மாட்டிட்டு, அடுத்து பவரைத் தொடாம நெட்வொர்க் கேபிளை மட்டும் புடுங்குங்க. இந்த ரெண்டாவது சோதனைல ஒரே விஎம் ரெண்டு சர்வர்ல ஓடலன்னு கண்ணால பார்த்துட்டீங்கன்னா ஜனங்களை உள்ள விடலாம்.